கதவைச் சாத்தினால் சின்ன நாடு தப்பிவிடுமா?

ஒருவர் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். இலங்கை போல ஏற்றுமதி இறக்குமதியை நம்பி ஓடும் சின்ன நாட்டின் பொருளாதாரம் இனி எப்படிப் போகும் என்பது ஒன்று. இறக்குமதியை நிறுத்தி எல்லாவற்றையும் உள்ளூரிலேயே விளைவித்தால் தப்பிவிடலாமே என்பது மற்றது.

நான் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவன். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் எங்கள் வன்னிப் பகுதி அதை ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்துவிட்டது, அதுவும் ஒரு தடவை அல்ல.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு செத்தல் (காய்ந்த) மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர்களுக்கென்று காணி கொடுத்திருந்தார்கள். அப்பாவும் அங்கே காடு வெட்டிய நிலத்தில் மிளகாய் வைத்தார். எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது செத்தல் விற்ற காசில்தான். அந்த வருடங்களைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவர் முகம் மலரும். ஆனால் அதே வருடங்களில் அம்மா பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றிருக்கிறார். எங்கள் வீட்டு ஓடும் அம்மா நின்ற வரிசையும் ஒரே கொள்கையால் வந்தவை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு சந்தையைத் திறந்தது. வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது, தோட்டக்காரருக்கு விலை விழுந்தது. இதைப் பற்றி அப்பா சொல்வதை நான் மறப்பதில்லை: "திறந்தது பிழையில்லைத் தம்பி. ரெண்டு போகம் முன்னுக்குச் சொல்லியிருந்தா வேற பயிர் பார்த்திருப்பம்."

1990களில் சாத்திய கதவு நாங்கள் சாத்தியதல்ல. போர்க் காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் சுலபமாக வராது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். இதையெல்லாம் தற்சார்பு என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது உரமில்லாமல் மஞ்சளித்து நின்ற வயலும், குளிசை கிடைக்காமல் அலைந்த நாட்களும்தான்.

அதே மஞ்சள் நிறத்தை 2021இலும் பார்த்தேன். அந்த வருடம் மே மாதம் இரசாயன உரம் இறக்குமதி செய்ய முடியாது என்று அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள், ஆனால் அதற்குள் காலபோகம், அதாவது மாரிமழைப் போகம், விதைத்தாயிற்று. மானியத்தில் 1500 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா அடுத்த வருடம் வெளிச்சந்தையில் பத்து மடங்குக்கு மேல் போனது. நெல் உள்ளூர்ப் பயிர்தான். ஆனால் அதற்குப் போடும் யூரியா, வெட்டும் மெஷின், மெஷினுக்கு டீசல் எல்லாம் கப்பலில் வருகின்றன. டொலர் இல்லாவிட்டால் உள்ளூர் நெல்லும் இல்லை.

உழுந்தில் நன்மையும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். 2020இல் அதன் இறக்குமதியைத் தடுத்த பிறகு கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் உழுந்து போட்டவர்கள் கடன் அடைத்தார்கள். தோசைக்கடை நடத்தியவர்கள் கஷ்டப்பட்டார்கள். இதே மாதிரித் தடுத்த மஞ்சளோ தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கடலால் கள்ளமாக வந்தது.

சரி, முதல் கேள்வி. 2021இல் நாடு ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 12.5 பில்லியன் டொலருக்கு. இறக்குமதி 20 பில்லியனைத் தாண்டியது. நடுவில் இருந்த பள்ளத்தை வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசும் சுற்றுலாவும் கடனும்தான் வழமையாக நிரப்பும். கொரோனாவில் சுற்றுலா படுத்தது, புதிதாகக் கடன் தர ஆளில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். எங்கள் ஊரில் அந்த வருடம் தாக்குப்பிடித்த வீடுகளில் பாதிக்கு மேல் கனடாவிலோ சுவிஸிலோ ஒரு பிள்ளை இருந்த வீடுகள்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்குச் சம்மதித்தது. 2024இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. மூச்சு வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் மறுசீரமைத்த கடனின் முதல் தொகையைத் திருப்பிக் கட்டும் சுமை 2028இலிருந்து கூடும். அதற்கு வேண்டிய டொலர் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை. ஆடை ஏற்றுமதியில் கிட்டத்தட்ட 40 வீதம் அமெரிக்கா என்ற ஒரே நாட்டுக்குப் போகிறது. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து நாலு பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்த கிழமை, அவர்களில் ஒருத்தி லீசிங்கில் ஸ்கூட்டி எடுப்பதைத் தள்ளிவைத்தாள். ஆகஸ்டில் வரி 20 வீதத்துக்கு இறங்கியது. ஸ்கூட்டி இன்னும் எடுக்கவில்லை.

பூநகரிக் கடலோரத்திலும் இதே கதை. கடலட்டையை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை, அது அநேகமாகச் சீனா, ஹொங்கொங் சந்தைக்கு. நீல நண்டும் பெரும்பாலும் வெளியேதான் போகிறது. 2020இல் வெளிநாட்டு உணவகங்கள் மூடியதும் நண்டு விலை விழுந்தது. வலையை இங்கே யார் எவ்வளவு கவனமாக விரித்தாலும் அந்த விலையை நிறுத்தியிருக்க முடியாது.

ஆகவே கதவைச் சாத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு கோடி சொச்சம் பேர் உள்ள நாடு வியாபாரம் செய்துதான் வாழவேண்டும். நான் கேட்பது வேறு: இறக்குமதி வரியை மாற்றுவதென்றால் விதைப்புக்கு முன்னால் சொல்லுங்கள். ஒரு நாட்டுக்கே விற்காமல் நாலு சந்தை தேடுங்கள். விளைச்சலைப் பச்சையாக, ஈரமாக விற்கும் நிலையை மாற்ற உதவுங்கள்.

மூன்றாவதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் கிளிநொச்சி முழுவதும் ஒன்றாக அறுக்கிறது. வெட்டின அன்றே வியாபாரி வயல் கரையில் நிற்பார். "ஈரம் கூட, அண்ணை" என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். நெல் லொறியில் தெற்கே போய், அரிசியாகி, எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது. காயவைத்தால் விலை கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும், தளம்தான் இல்லை. அதனால்தான் அறுவடைக் காலத்தில் தார் ரோட்டோரம் முழுக்க நெல் பரவியிருக்கிறது.

போன பங்குனியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய சீமெந்துத் தளத்தைத் துப்புரவாக்கி, நெல்லைக் காயவைத்து, ஐந்து கிழமை வைத்திருந்து விற்றோம். கழிவு இல்லை, விலையும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் விளைச்சலில் பாதியைத்தான் அப்படி வைத்திருக்க முடிந்தது. மற்றப் பாதியை வெட்டின அன்றே கொடுத்துவிட்டோம், அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.