ஆசிரியர் கேள்வி–பதில்: சேர்த்து வைத்த பாடப்பொருளைத் தேடி எடுப்பது

கேள்வி: நாங்கள் எட்டு ஆசிரியர்கள் சேர்ந்து இணையவழிப் பாடங்கள் தயாரிக்கிறோம். காணொளி, படம், பயிற்சித்தாள் என்று 400 இணைப்புகள் கூகுள் ஷீட்டில் சேர்ந்துவிட்டன. "மின்சாரம்" என்று தேடினால் இரண்டே வருகின்றன, இருப்பதோ பன்னிரண்டு. ஏன்?
— அறிவியல் ஆசிரியை, திருவாரூர்

ஷீட்டுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்க்கும். "மின்சாரத்தின் விளைவுகள்" என்ற தலைப்பில் "மின்சாரம்" என்ற சொல் அப்படியே இல்லை; உருபு ஏறியதும் ஈற்று மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிட்டது. ஈற்றெழுத்தை விட்டு "மின்சார" என்று தேடுங்கள், பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி தீராது. "ஆறு" என்று தேடினால் "ஆற்றின்" வராது. "மின்னோட்டம்" என்று தலைப்பிட்ட காணொளியும் சிக்காது.

ஆகவே குறிச்சொல்லுக்கென்று தனி நெடுவரிசை வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று முதல் ஐந்து சொற்கள், உருபு ஏறாத வடிவில், பாடநூலில் உள்ள கலைச்சொல்லாகவே இருக்கட்டும். மாணவர் வாயில் புழங்கும் சொல் வேறாக இருந்தால் அதையும் சேருங்கள்.

வகுப்பு, பாடம், வகை, உரிமம் ஆகிய நான்கையும் கையால் அடிக்க விடாதீர்கள். ஒருவர் "8" என்பார், ஒருவர் "எட்டு", இன்னொருவர் "எட்டாம் வகுப்பு". வடிகட்டும்போது மூன்றும் மூன்று வகுப்பாகிவிடும். டேட்டா வேலிடேஷனில் (கட்டத்தில் எதை நிரப்பலாம் என்று வரையறுக்கும் வசதி) பட்டியல் கொடுத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். தேடுபவர்கள் தங்கள் திரையில் மட்டும் வடிகட்டும் "ஃபில்டர் வியூ" வழியாக வடிகட்டட்டும். சாதாரண ஃபில்டர் போட்டால் மற்ற ஏழு பேர் திரையிலும் வரிசைகள் மறைந்துவிடும்.

கண்ணில் படாத கோளாறு ஒன்றும் உண்டு. "ஔவையார்" என்பதைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு மாற்றாதவரை எந்தத் தேடலிலும் அகப்படா.

கேள்வி: கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருக்கும் ஆங்கிலப் பயிற்சித்தாளைத் தமிழாக்கி வெளியிடலாமா?
— முதுகலை ஆசிரியர், நாமக்கல்

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது ஆக்கியவர் தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த நிபந்தனைகளோடு தரும் பொது உரிமம். அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "என்டி" இருந்தால் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், அதை வெளியிட அனுமதி இல்லை. "எஸ்ஏ" இருந்தால் உங்கள் தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். "என்சி" என்றால் வணிகப் பயன்பாடு ஆகாது. "பிஒய்" மட்டும் என்றால் தலைப்பு, ஆக்கியவர் பெயர், மூல இணைப்பு, உரிமம் நான்கையும் குறிப்பிட்டு, தமிழாக்கம் என்றும் சொன்னால் போதும். பலரும் தடுக்கி விழும் இடம்: "பிஒய்-எஸ்ஏ" பொருளையும் "பிஒய்-என்சி-எஸ்ஏ" பொருளையும் பிசைந்து ஒரே தழுவலாக்க முடியாது, இரண்டின் நிபந்தனைகளும் மோதும். அதனால் உரிம நெடுவரிசையில் "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்று பொதுவாக எழுதாமல் முழுக்குறியீட்டையும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். இணைப்பை மட்டும் கொடுத்து மாணவரை மூலப் பக்கத்துக்கே அனுப்புவதானால் இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: பழைய அசைவூட்டப் பாடங்கள் பல திறப்பதே இல்லை. இணைப்பை நீக்கிவிடலாமா?
— ஆசிரியை, விருதுநகர்

அசைவூட்டத்துக்குப் பயன்பட்ட பழைய மென்பொருளான ஃபிளாஷில் செய்தவையாக இருக்கும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே அந்தப் பாடங்களைத் தடுத்துவிடுகிறது. வரிசையை அழிக்க வேண்டாம். குறிச்சொற்கள் பயன்படும், இணைப்பை மட்டும் மாற்றுங்கள். இயற்பியல், வேதியியலுக்கு கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில், உலாவியிலேயே ஓடும் ஹெச்டிஎம்எல்5 பாவனைகள் (சோதனைகளைத் திரையில் செய்து பார்ப்பவை) உள்ளன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும். "சரிபார்த்த தேதி" என்று ஒரு நெடுவரிசை வைத்து, மாற்றிய அன்றே அதைத் திருத்திவிடுங்கள். பருவத் தொடக்கத்தில் அந்த நெடுவரிசையை ஏறுவரிசையில் அடுக்கினால், நெடுநாள் திறந்து பார்க்காத இணைப்புகள் மேலே வந்து நிற்கும்.