இரண்டு லட்சத்தில் கேமிங் கணினி: பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் அக்கரைப்பற்று. ஏ.எல். எழுதி முடித்துவிட்டேன். கேமிங் பிசி பொருத்த வாப்பா இரண்டு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் வீட்டில் இருக்கின்றன. வலோரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் பழக ஆசை. ஒரு கடையில் கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 500 வாட் பவர் சப்ளை, ஆறு கலர் ஃபேன் வைத்த கண்ணாடிக் கேசிங் என்று எழுதித் தந்தார்கள். பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. இரண்டு லட்சம் சின்னக் காசு இல்லை. அதற்கு இதைவிட எவ்வளவோ நல்ல மெஷின் பொருத்தலாம்.

படத்தில் ஐ7க்குப் பக்கத்தில் 3770 என்று இருக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரு குடும்பத்துக்குள் யார் மூத்தவர் என்று சொல்கிற எண். அந்தக் குடும்பம் எந்தக் காலத்தது என்பதை அடுத்து வரும் எண்தான் காட்டும். 3770 மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ3 12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் வேலை செய்யும் பகுதிகள் ஒரே அளவு: நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனாலும் விளையாட்டில் அந்த ஐ3 இந்த ஐ7ஐ எளிதாக முந்திவிடும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 11இல் வலோரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். நீங்கள் முதலில் கேட்ட விளையாட்டிலேயே அந்த மெஷின் இடறும்.

கிராபிக்ஸ் கார்ட் ஜிடி 730. 2014இல் வந்தது, படம் பார்க்கப் போதும். 4 ஜிபி என்பது அதன் நினைவகம், அதாவது களஞ்சியத்தின் அளவு மட்டும்தான். நூறு மூடை நெல் கொள்ளும் களஞ்சியத்துக்கு ஒரு ஆள் நுழையும் கதவு வைத்தால் அறுவடை நேரத்தில் என்ன நடக்கும்? இந்தக் கார்டில் நடப்பதும் அதுதான்.

இனி, எவரும் கேட்காத சாமானுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் என் மேசைக்கு வந்த செத்த மெஷின்களில் அதிகமானவற்றைக் கொன்றது பவர் சப்ளை. கடையில் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பின்னால் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் பழைய வகை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாராவது துடைக்கும்போது அது 115 பக்கம் தள்ளுப்பட்டு, எங்கள் 230 வோல்ட் கரண்டில் போட்டால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும். பிறகு பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்தக் குழாயில்தான். அதற்குக் கீழே உள்ள அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். பெட்டியில் பெரிதாக 500 வாட் என்று போட்டு, உள்ளே 12 வோல்ட்டில் 18 அம்பியர் மட்டும் உள்ளதை நான் பல முறை கண்டிருக்கிறேன். பெருக்கினால் 216 வாட். நல்ல 550 வாட் சப்ளையில் இந்தப் பெருக்கம் ஏறக்குறைய 550ஐத் தொடும்.

550 ஏன் போதும் என்றால், நான் கீழே சொல்லும் கார்ட் 132 வாட், புரொசசர் மிஞ்சிப்போனால் 76 வாட். மற்றவற்றையும் சேர்த்தால் 250 அளவில் நிற்கும். 750 வாட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை அளப்பது, பாதுகாப்புக்கு அது சான்று இல்லை. ஆகவே முத்திரையோடு 3 அல்லது 5 வருட வாரன்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் சப்ளையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வீட்டு வயரிங். மூன்று பின் பொயின்டில் எர்த் உண்மையாக இருக்கிறதா என்று எலக்ட்ரிசியனைக் கொண்டு பாருங்கள். கேசிங்கைத் தொட்டால் கையில் சுர்ரென்று இழுக்கிறது என்று வருகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி கசியவிடும் சின்ன மின்னோட்டம் இறங்க வழியில்லாமல் தகட்டில் நிற்கிறது. ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காப்பாற்றத்தான், இடியிலிருந்து மெஷினைக் காப்பாற்றாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவதோடு ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். கல்லடியில் ஒரு வீட்டில் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை மறந்துவிட்டார்கள். மதர்போர்டில் கேபிள் செருகும் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது கடுகளவு கருப்புப் புள்ளி ஒன்று. அவ்வளவுதான், போர்ட் போய்விட்டது. யுபிஎஸ் வாங்கினால், கரண்ட் ஏறி இறங்குவதைச் சீராக்கும் ஏவிஆர் உள்ளதை வாங்குங்கள். 650 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட்தான். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கப் போதும், விளையாட்டைத் தொடர அல்ல.

இப்போது நான் பொருத்தும் மெஷின். புரொசசர் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், கூலர் பெட்டியிலேயே வரும். இன்டெல்தான் வேண்டுமென்றால் ஐ5 12400எஃப், விலை எது குறைவோ அது. ரைசனில் ஏஎம்5 என்ற புதிய வகைக்குப் போக வேண்டாம். அது டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் மட்டும்தான் ஏற்கும். 2025இன் கடைசி மாதங்களிலிருந்து ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, டிடிஆர்4உம் தப்பவில்லை.

அதே காரணத்தால் ரேமில் இடறிவிடாதீர்கள். 16 ஜிபி ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு துண்டு. நான்கு துளை உள்ள போர்டில் புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள், டிக் என்று கேட்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பையோஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட மறந்தால் 3200க்குக் காசு கொடுத்து அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டுவீர்கள்.

ரைசனுக்கு மதர்போர்ட் பி450 அல்லது பி550. பி450 பழைய சரக்கென்றால் புதிய பையோஸ் போடாமல் 5600ஐ அடையாளம் காணாது. ‘பையோஸ் அப்டேட் செய்துதான் தருவீர்களா’ என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள். சேமிப்புக்கு எஸ்எஸ்டி, வேகமான என்விஎம்இ வகையில் 1 டிபி கிடைத்தால் நல்லது. ஜிடிஏ 5 மட்டும் 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும்.

கையில் உள்ள காசில் ஐந்தில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். 1080பி மொனிட்டருக்கு என் தெரிவு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3050 காட்டினால் எத்தனை ஜிபி என்று கேளுங்கள். 6 ஜிபியும் 8 ஜிபியும் ஒரே பெயரில் வரும் வேறு வேறு கார்டுகள், 6 ஜிபியில் உள்ள சில்லும் வலுக் குறைந்தது. இரண்டையும் 6600 முந்தும். எடிட்டிங்கைத் தொழிலாகவே எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கிடைக்கிறதா என்று தேடலாம்.

பாவித்த கார்டில் கவனம். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறியபோது, அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து கொட்டின, இன்னும் சுற்றுகின்றன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற குறைந்த வகையும் உண்டு, ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ஃபேனை விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் வேண்டாம். கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

ஆறு கலர் ஃபேன் கேசிங்கை விட்டுவிடுங்கள். முன்பக்கம் கண்ணாடி அடைத்தால் காற்று எங்கால் போகும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே அடுப்பு மாதிரி. முன்பக்கம் வலைக் கம்பி, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று போதும். கடலுக்குக் கிட்ட வீடென்றால் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தினமும் சிறிது நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போகும். மாரியில் தரையில் வைக்கவே வேண்டாம்.

பில்லின் கீழே உள்ள சின்ன எழுத்தையும் வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும், துருவுக்கும் கருகலுக்கும் வாரன்டி இல்லை என்றும் பல பில்களில் இருக்கும். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை குறையலாம். ஆனால் ஒரு சாமான் பழுதானால் இரவு பஸ்ஸில் போய், அடுத்த இரவு திரும்ப வேண்டும். என் ஆலோசனை இது: பவர் சப்ளை, மதர்போர்ட் இரண்டையும் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ, முகம் தெரிந்த கடையில், கொஞ்சம் கூடினாலும் வாங்குங்கள். புரொசசர், ரேம், எஸ்எஸ்டி கொழும்பிலிருந்து வரட்டும். முழு மெஷினாக வரவழைத்தால் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதி செய்யச் சொல்லுங்கள். பஸ் குலுக்கலில் அதன் பாரம் மதர்போர்டின் துளையை உடைத்துவிடும்.

எல்லாம் சேர்த்துக் காசு தாண்டினால் பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள். 5600க்குப் பதில் 5600ஜி வாங்கினால் கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கும். வலோரன்ட் நன்றாகவே ஓடும், ஜிடிஏ 5 குறைந்த செட்டிங்கில் ஓடும். கார்டை அடுத்த வருடம் போடலாம். அப்போதும் 5600ஐவிட வேகம் ஒரு துளி குறையும், கவலைப்படும் அளவுக்கு இல்லை.

பொருத்தி முடித்து முதல் தடவை போடும்போது மொனிட்டர் கருப்பாகவே இருந்தால் பயப்படாதீர்கள். 5600இல் படம் தரும் பகுதி கிடையாது. மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள், கழற்றிக் கீழே படுத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள்.