41 வயதில் பாக்சிங் கற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: ரோஸ் ஹில்லில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. ஏழு வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். கண்ணாடி மைனஸ் 6. மகன் போகும் பாக்சிங் கிளப்பில் பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கும் ஆசை. "இந்த வயதில் எதற்கு வம்பு?" என்கிறார் கணவர். சேரலாமா?

பதில்: சேருங்கள். ஆனால் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் ஸ்பாரிங் மட்டும் உங்களுக்கு வேண்டாம். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நம் மொரீஷியஸ் தீவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்ததே பாக்சிங்கில்தான், 2008 பீஜிங்கில், ப்ரூனோ ஜூலி மூலமாக. பிள்ளைகள் கிளப்புக்குப் போனால் பெருமைப்படுகிறோம். அம்மா போகிறேன் என்றால்தான் ஆயிரம் கேள்வி. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுகர் உள்ள நாட்டில், மூச்சிரைக்க உடற்பயிற்சி செய்ய ஒரு பெண் ஆசைப்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் கண். சொட்டு மருந்து விட்டு, விழித்திரையை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடச் சுகரால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கிக் குத்தும்போதுகூட அவை கசியலாம். அப்படி இருந்தால் சிகிச்சை முடியும்வரை வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். மைனஸ் 6 கண்ணில் விழித்திரை ஏற்கெனவே மெலிந்திருக்கும். முகத்தில் விழும் ஒரு குத்தே அதைப் பிரித்துவிடலாம். ஹெல்மெட் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்வைத் தடுக்காது. ஸ்பாரிங்கே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பஞ்சிங் பேக், ஸ்கிப்பிங், கோச் பிடிக்கும் பேடில் குத்துவது, கால் அசைவுகள், இதெல்லாம் செய்யலாம். போட்டியில் ஒரு ரவுண்ட் மூன்று நிமிடம். நீங்கள் இரண்டு நிமிடம் குத்தி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் கை. புதிதாக வருபவர்கள் கிளவுஸை மாட்டியதும் ஆசை தீரக் குத்துவார்கள். சுண்டுவிரல் பக்கமே அடி வாங்கும். கையை மடக்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இரண்டும் முன்கை எலும்போடு நேர்கோட்டில் வர வேண்டும். குத்து அந்த இரண்டில்தான் விழ வேண்டும். நான்கரை மீட்டர் துணியைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, முட்டிகளின் மேலும் விரல் இடுக்குகளிலும் இழுத்துக் கட்டக் கோச் சொல்லித் தருவார். அதைக் கட்டாமல் ஒரு குத்துகூட வேண்டாம். சுண்டுவிரல் முட்டி வீங்கி, மடக்கும்போது உள்ளே அமுங்கித் தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

சுகர் விஷயத்தில் மெட்ஃபார்மினைப் பற்றிக் கவலை இல்லை. கிளிக்லசைடுதான் சுகரை இறக்கிவிடும். வகுப்புக்கு முன் சுகர் 5.6 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வகுப்பு முடிந்ததும் எண் ஏறியிருக்கலாம்; அட்ரினலின் செய்யும் வேலை அது, அதற்காகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில்தான் இறங்கும். முதல் சில வாரங்கள் படுக்கும் முன்பும் பாருங்கள். காவடி விரதம் இருக்கும் நாட்களில் பேக்கைத் தொடவே வேண்டாம், சாப்பாடு குறைந்து மாத்திரை மட்டும் உள்ளே போகும் நாட்கள் அவை.

ரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள். பாதத்தில் மரத்துப்போன இடம் இருந்தால் ஸ்கிப்பிங் தவிர்க்க வேண்டும். வாரம் 75 நிமிடம் கடுமையான பயிற்சி போதும் என்பதே உலக அளவிலான பரிந்துரை, இரண்டு வகுப்பில் முடிந்துவிடும். சுகர் சீராக இறங்கத் தொடங்கினால் கிளிக்லசைடை நீங்களாகக் குறைக்காமல், எழுதிவைத்த எண்களோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.