மொறிஸ் மைனரின் சஸ்பென்ஷனை மேம்படுத்த எங்கிருந்து தொடங்க வேண்டும்?

1960களில் வந்த உங்கள் மொறிஸ் மைனர் 1000 வளைவுகளில் மிகுதியாகச் சாய்கிறது, கிடங்கில் இறங்கினால் பல தடவை துள்ளிய பிறகே அடங்குகிறது, நேர் வீதியிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் வடிவ டெலஸ்கோபிக் சொக் அப்சோபர் பொருத்தி, முன்பக்கத்தைச் சற்றுப் பதித்துவிட்டால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காரை நெடுங்காலமாக வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிதாக எதையும் பொருத்துவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதை அது பிறந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். 1948இல் வெளிவந்தபோதே இந்தக் கார் வளைவுகளில் நன்றாக ஓடுகிறது என்று பெயர் எடுத்தது. வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரிக் கார் குறுகலாக இருக்கிறதென்று அதை நெடுக்கே இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்த பிறகே திருப்தி அடைந்தார். பொனெட்டின் நடுவே நெடுக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். முன் சில்லுகளுக்குத் தனித்தனி டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிறிங்காக வேலை செய்யும் உருக்குத் தண்டு), ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் என்பவை அந்தக் காலத்துச் சிறிய காருக்கு எளிதில் கிடைத்தவை அல்ல. ஆகவே உங்கள் கார் இன்று அலைகிறதென்றால், வடிவமைப்பைச் சந்தேகிப்பதற்கு முன் தேய்மானத்தைச் சந்தேகிப்பதே முறை.

முதலில் பார்க்க வேண்டியது ட்ரனியன், அதாவது சஸ்பென்ஷன் கையின் முனையில் உள்ள, உள்ளே புரி வெட்டிய உலோகத் துண்டு. முன் சில்லைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரி வெட்டப்பட்டு, அந்தப் புரிகள் ட்ரனியன்களுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியே சுழல்கிறது. டோர்ஷன் பார் சஸ்பென்ஷனின் கீழ்க்கையைப் பிடித்திருப்பதால், அந்த மூலையின் பாரம் முழுவதும் கீழ்ட்ரனியனின் புரியில்தான் தொங்குகிறது. அந்தப் புரி தேய்ந்துபோனால் ஒரு நாள் ஸ்விவல் பின் கழன்று, சில்லு மட்காட்டின் கீழே மடிந்துவிடும். பெரும்பாலும் இது ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி மெதுவாகத் திருப்பும்போது நடப்பதால் உயிர் தப்புகிறது. வேகத்தில் நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் கையாளுகை பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்னதாக இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

பார்க்கும் முறை எளிது. காரை ஜக் அடித்துச் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, தாங்கி வைத்த பிறகு, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிறேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை சில்லு பெயாரிங்கில் இருக்கிறது. நிற்காவிட்டால் கீழே குனிந்து, ஸ்விவல் பின் எந்த ட்ரனியனுக்குள் அசைகிறதென்று டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். மாற்றும்போது ஸ்விவல் பின்னையும் ட்ரனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய புரியில் புதிய ட்ரனியன் நெடுநாள் நிற்காது. இடப்பக்கத்துப் பாகமும் வலப்பக்கத்துப் பாகமும் ஒன்றல்ல என்பதையும் வாங்கும்போது கவனியுங்கள். பிறகு 1000 மைலுக்கு ஒரு தடவை, மழைகாலத்தில் அதற்கும் முன்னதாக, சில்லைத் தூக்கி வைத்துப் பாரம் இல்லாத நிலையில் கிறீஸ் அடியுங்கள். நிலத்தில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்தும் பக்கத்துப் புரிக்குள் கிறீஸ் போய்ச் சேராது. கறுத்த பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட சொக் அப்சோபர். மைனரின் முன்பக்கத்தில் இருப்பது லீவர் வகை. அதன் கை அதிர்வை அடக்குவதோடு நிற்காமல், சஸ்பென்ஷனின் மேற்கையாகவும் வேலை செய்கிறது. சந்தையில் கிடைக்கும் டெலஸ்கோபிக் தொகுதிகள் பலவற்றில் பழைய லீவர் உடல் மேற்கையாக அப்படியே இருந்து, புதிய குழாய் அதன் பக்கத்தில் வந்து சேர்கிறது. பழைய உடலின் தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்த டெலஸ்கோபிக் வந்தாலும் சில்லின் சாய்வு ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். துள்ளல் குறைந்து குறை மறைந்துபோவதால், இதை நான் ஒருபடி கூடுதலான ஆபத்தாகவே கருதுகிறேன்.

ஆகவே முதலில் அந்தக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தண்டு இறுக்கமாக இருந்து, ஒயில் மட்டும் குறைந்திருந்தால், மேல் மூடியைச் சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில் நிரப்பி, காற்று வெளியேறும் வகையில் கையை மேலும் கீழும் முழுதாக அசைத்து, மீண்டும் நிரப்புங்கள். பிறேக் ஒயில் ஒருபோதும் வேண்டாம். தண்டு ஆடினால், அல்லது தண்டின் ஓரமாக ஒயில் கசிந்து அழுக்குப் படிந்திருந்தால், உடலைத் துளைத்துப் புதிய புஷ் போட்டு, புதிய சீலும் பொருத்தித் தரக்கூடிய நல்ல லேத் பட்டறையைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த பழைய மெக்கானிக்குகளுக்கு இந்த வேலை புதிதல்ல. அதன் முன்பக்கமும் லீவர் சொக் அப்சோபரையே மேற்கையாகக் கொண்டது. பின்பக்கத்தின் கதை வேறு. அங்கே லீவர் அதிர்வை மட்டும் அடக்குகிறது, அச்சை இலை ஸ்பிறிங்குகளே பிடித்திருக்கின்றன. ஆகவே பின்னுக்கு டெலஸ்கோபிக் போடுவதில் எனக்கு மறுப்பில்லை.

புஷ்களையும் மறந்துவிடாதீர்கள். கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிச் செல்லும் டை பார் என்ற தண்டின் றபர் நசிந்திருந்தால், பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னுக்கு நகரும், கார் ஒரு பக்கம் இழுக்கும். அந்த ஓரிடத்தில் பொலியூரித்தேன் புஷ் நல்ல பலன் தரும். இலை ஸ்பிறிங்கின் முனையைக் காரோடு இணைக்கும் ஷக்கிளுக்கு நான் சாதாரண றபரையே விரும்புகிறேன், ஏனெனில் நம் வீதிகளின் அதிர்வு முழுவதையும் உள்ளே கேட்க எனக்கு விருப்பமில்லை.

நேர் வீதியில் அலைவதற்கு டயரும் பெரிய காரணம். உங்களிடம் இன்னும் கிறொஸ் பிளை என்ற பழைய வகை டயர் இருந்தால், நான்கையும் 14 அங்குல ஒல்லி ரேடியலுக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் காரின் குணம் மாறியதுபோல் இருக்கும். முன்னுக்கு ரேடியலும் பின்னுக்குக் கிறொஸ் பிளையும் கலந்து போடவே கூடாது, வளைவில் பின்பக்கம் திடீரென வழுக்கும். அகலமான டயர் வேண்டாம், ஸ்டியரிங் கனக்கும். காற்றைப் பொறுத்தவரை, பழைய கைந்நூல் சொல்லும் 22 இறாத்தல் அளவு கிறொஸ் பிளைக்கானது; ரேடியலுக்கு நான் 26 வைக்கிறேன். டோ-இன் அளவு (முன் சில்லுகளின் முன்னோரங்கள் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும் அளவு) சுமார் 2.5 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சாய்வு மிகுதி என்று தோன்றினால், முன்பக்கத்துக்கு மெல்லிய அன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்க இரு பக்கத்தையும் இணைக்கும் தண்டு) ஒன்று போடலாம். தொழிற்சாலையில் இந்தக் காருக்கு அது வைக்கப்படவே இல்லை. காசு செலவழிக்கத் தகுந்த ஒரு புதிய பாகத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பதிப்பது மட்டும் வேண்டாம். டோர்ஷன் பாரின் பின்முனையில் ஒரு பல் மாற்றினால் கார் இறங்கிவிடும் என்பது உண்மை, செலவுமில்லை. ஆனால் இறங்கிய கார் கிடங்குகளில் பம்ப் ஸ்டொப் என்ற றபர்த் தடுப்பில் இடிக்கும். ஸ்டியரிங் கைகளின் கோணம் மாறி, மேடு பள்ளங்களில் சில்லு தானாகத் திரும்பும். நீங்கள் குறைசொன்ன அலைச்சல்தான் கூடும். பல்லாண்டு பாரத்தில் தளர்ந்த பாரைத் தூக்கி, இரு பக்கமும் உரிய உயரத்துக்குக் கொண்டுவருவதற்கே அந்தப் பற்களைப் பயன்படுத்துங்கள். கழற்றும்போது இடம் வலம் குறித்து வையுங்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய பாரை மறுபக்கம் போட்டால் முறியக்கூடும். அதன் மேல் ஸ்பனர் கீறலும் துருவும் விழாமல் பெயின்ற் பூசிவிடுங்கள், முறிவு கீறலில்தான் தொடங்கும்.

கடைசியாக, றபர் புஷ்கள் உள்ள எந்த போல்ட்டையும் கார் ஜக்கில் இருக்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். நான்கு சில்லும் நிலத்தில் நின்று, கார் தன் பாரத்தில் அமர்ந்த பிறகு இறுக்கினால்தான் றபர் முறுகாமல் இருக்கும். பின் ஸ்பிறிங்கின் யூ போல்ட்டுகளைச் சில நாட்கள் ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிவிட்டு, டோ-இன்னை அதற்குப் பிறகே அளக்கச் சொல்லுங்கள்.