பொலிஷ் கதிரை

அன்பின் அண்ணை,

சிக்காகோவில் மே மாதக் கடைசியில், லெதர் உடுப்புப் போடுகிற தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடுகிற லெதர் வார இறுதிக்கு இம்முறை நானும் போகிறேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கடை பெடியள் வருகிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேருவோம் போலிருக்கிறது, அதில் பாதிப் பேருக்கு இதுதான் முதல்தரம். அவர்களுக்குத் தமிழில் ஒரு பக்க வரவேற்புக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுதியதை அனுப்புகிறேன், திருத்தித் தாருங்கள். ‘லெதர் சமூகம்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டா? அங்கே நடக்கும் ‘இன்டர்நாஷனல் மிஸ்டர் லெதர்’ போட்டியை ‘ஆணழகன் போட்டி’ என்று எழுதினால் சரியா? சப்பாத்துத் துடைக்கிறவனுக்கும் ஒரு போட்டி வைத்துப் பட்டம் கொடுக்கிறார்களாம். அதை மட்டும் விட்டுவிட்டேன். எங்கடை ஆக்கள் வாசித்தால் ஒரு மாதிரி நினைப்பார்கள்.

பி.கு.: என் பூட்ஸ் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அம்மா சொன்னபடி தேங்காயெண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். அது காணும்தானே?

ச., உப்புவெளி

*

அன்புள்ள தம்பி,

உமது குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். ‘தனியாக வந்தாலும் தனியாக நிற்க விடமாட்டோம்’ என்ற வரியை யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம். முதல்தரம் வருகிறவனுக்கு அந்த ஒரு வரி விமானச்சீட்டுக்குச் சமம். ‘இருகரம் கூப்பி’ என்று தொடங்கும் முதற் பந்தியை எடுத்துவிடும், அது கலியாண மண்டபத்து வாசலுக்கு உரியது.

சொல்லுக்கு அலைய வேண்டாம். ‘தோல் சமூகம்’ என்று எழுதினால் தோல் வியாபாரிகள் சங்கம் என்று நினைப்பார்கள். சப்பாத்தும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்த சொற்கள். லெதரும் அப்படியே உட்காரட்டும்.

‘ஆணழகன் போட்டி’ தவறு. உடற்கட்டுக்கும் புள்ளி உண்டுதான். ஆனால் நீதிபதிகள் தனியறையில் வைத்துக் கேட்கும் நேர்காணலும் மேடைப் பேச்சும்தான் ஆளைக் காட்டும். வென்றவர் தோளில் பட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு வருஷம் ஊர் ஊராகப் போக வேண்டும். கோல்ட் கோஸ்ட் என்ற சிக்காகோ மதுச்சாலையில் நடந்த சின்னப் போட்டியிலிருந்து வளர்ந்து, சக் ரென்ஸ்லோவும் டொம் ஒரெஹூடோஸும் 1979இல் தொடங்கியது இது. இரண்டு வரி போதும். லெதர் சமூகத்தின் கொடியைப் பற்றி ஒரு வரி சேரும்: கறுப்பும் நீலமும் மாறி மாறி, நடுவில் வெள்ளை, மேல் மூலையில் சிவப்பு இதயம். டோனி டிபிளேஸ் 1989இல் அதே வார இறுதியில் முன்வைத்தது. புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இனி நீர் விட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். சில நாட்களாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், உமது கடிதம் வந்து சேர்ந்தது.

‘சப்பாத்துத் துடைக்கிறவன்’ என்று எழுதியிருக்கிறீர். உமது குறிப்பில் போட்டியாளர் ‘அவர்’. நீதிபதிகள் ‘அவர்கள்’. பதிவு மேசையில் பெயர் வில்லை கொடுக்கிறவர்கூட ‘அவர்’. பொலிஷ் போடுகிறவர் மட்டும் கடிதத்தில் ‘அவன்’. இந்த ‘அவன்’ உமது பேனாவில் பிறந்ததில்லை. தோலைத் தொட்ட கையைத் தொடாமல் வைத்திருந்த ஊரிலிருந்து வருகிறது. கோணேசர் கோயில் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறோம். மேலே அடிக்கிற தவிலுக்கு இரண்டு முகமும் தோல். அதைப் பதப்படுத்தி வார் பிடித்துக் கட்டிய கையின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. சந்தையில் குடைக்கம்பிகளுக்கு நடுவே இருந்து செருப்புத் தைக்கிறவரிடம் ஒருமையில் பேசியே பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தைப் பெட்டிக்குள் வைத்து சிக்காகோவுக்குக் கொண்டுபோகாதேயும். நாமே உலகம் ஒரு மாதிரிப் பார்க்கிற ஆட்கள். எங்களுக்குள்ளும் ஒருவரைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களுக்கு வரவேற்பு எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?

சப்பாத்து மினுக்குகிறவர்களுக்கான சர்வதேசப் போட்டி 1993இலிருந்து அதே வார இறுதியில் நடக்கிறது. போட்டியாளர்கள் அந்த நாட்களில் பொலிஷ் போடும் கதிரையடியில் வேலை செய்கிறார்கள். வந்தவர்களின் வாக்கும் கணக்கில் சேர்கிறது. லெதர் போடுகிறவர்களிடம் பெரிய மரியாதை உள்ள இடம் அது. ஏனென்றால் எல்லாருடைய தோலும் கடைசியில் அவர் கைக்குத்தான் வரவேண்டும்.

உமது குறிப்பு யாருக்கு? முதல்தரம் வருகிறவருக்கு. அவர் ஹோட்டல் முன்கூடத்தில் என்ன செய்வார்? கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். சுற்றி நூறு பேர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். மதுச்சாலைக்குப் போனாலும் யாரிடம் என்னவென்று பேச்சைத் தொடங்குவது? பொலிஷ் கதிரையில் அந்தத் தடுமாற்றம் இல்லை. ஏறி இருந்தால் அரைமணித்தியாலம் அந்த இடம் அவருக்கு. கீழே இருப்பவர் பேச்சுக் கொடுப்பார், வரிசையில் நிற்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இறங்கும்போது நாலு பேரின் பெயர் தெரிந்திருக்கும். ஆகவே, பெடியள் வந்து இறங்கியதும் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில்: பதிவு மேசை, அடுத்து பொலிஷ் கதிரை. குறிப்பின் நடுவில் இதைப் போடும்.

கதிரையில் என்ன நடக்கும் என்பதையும் எழுதும். தெரியாத இடத்தில் காலை நீட்ட எங்கள் ஆட்கள் கூச்சப்படுவார்கள்.

ஏறி இருந்ததும் முதலில் கேள்விகள். என்ன தோல், கடைசியாக எப்போது பொலிஷ் போட்டது, பளபளப்பு வேண்டுமா, துடைத்து ஈரப்பதம் ஏற்றினால் மட்டும் போதுமா? கணுக்காலுக்கு மேலே கை வைக்கலாமா என்பதையும் கேட்பார். வேண்டாமென்றால் வேண்டாம், அதோடு சரி. பிறகு நாடாவை உருவுவார். சாக்சில் கறுப்பு ஒட்டாமல் பூட்ஸ் வாய்க்குள் ஒரு துணியை மடித்துச் செருகுவார். குதிரைமயிர்ப் புருசால் தூசு, மேற்தோல் அடியோடு சேரும் தையல் இடுக்குக்குப் பழைய பல்துலக்கி. இதை விட்டுவிட்டு நேரே பொலிஷுக்குப் போனால் மண்ணைத் தோலுக்குள் தேய்த்த கதைதான்.

அடுத்தது சேணச் சவர்க்காரம், குதிரைச் சேணம் போன்ற தோல் சாமான்களுக்கென்று செய்தது. தண்ணீர் குறைய, நுரை கூட. நுரையைத் தடவி, ஈரத்துணியால் எடுத்து, விட்டுவிட வேண்டும். ஈரத்தில் கறுத்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்பும் வரை, பத்து நிமிஷமென்றாலும், காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் மெழுகு பூசினால் உள்ளே மூடுபனி படிந்தது போல வெள்ளையாக நிற்கும். பிறகு கொண்டிஷனர், ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவில் தொடங்கி. இதைப் பலர் வெறுங்கையால் போடுவார்கள். உள்ளங்கைச் சூட்டில் அது இளகித் தோலுக்குள் இறங்கும், எந்த இடம் காய்ந்து கிடக்கிறது என்பதும் விரலுக்குத் தெரியும். மிச்சத்தைத் துடைத்த பிறகே பொலிஷ். பருத்தித் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, வட்டம் வட்டமாக, தோலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிசில். ஐந்து நிமிஷம் விட்டுப் புருஸ். கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் ஒரு துளி தண்ணீர், ஒரு தொடுகை மெழுகு, திரும்பவும் தண்ணீர். இது விரல்முனைப் பகுதிக்கும் குதிக்கும் மட்டும். நடக்கும்போது மடிகிற இடத்தில் மெழுகை அடுக்கினால் முதல் இருபது அடியிலேயே வெடித்து உதிரும்.

எண்ணெயில் பதப்படுத்திய தோல் வேறு சாதனம். மரம்வெட்டிகள் போடுகிற தடித்த பூட்ஸ் அநேகமாக அந்த வகை. விரலால் அமர்த்தினால் நிறம் வெளிறிப் பிறகு திரும்பும். அதற்கு மெழுகுப் பொலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகிவிடும், தோலுக்கென்று இருக்கிற கிரீஸ்தான் சரி. என்ன தோலென்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். தொட்டுப் பார்த்து அவரே கண்டுபிடிப்பார், அதை விளக்குவதில் அவருக்குச் சந்தோஷம். இறங்கும்போது காசுப்பெட்டிக்குள் நோட்டு வைக்க வேண்டும், கையில் சில்லறை நோட்டாக இருக்கட்டும். யாருடைய தொப்பியையும் ஜக்கெட்டையும் கேட்காமல் தொடக்கூடாது என்பதையும் இதே பந்தியில் சேரும்.

லெதரே இல்லாதவர்கள் என்ன போடுவது என்று நீர் எழுதவில்லை. ஒரு கறுப்பு ரீசேர்ட், ஜீன்ஸ், துடைத்த சப்பாத்து. அவ்வளவுதான். லெதர் சந்தை அதே ஹோட்டலுக்குள் இருக்கும். முதல் நாளே முழு உடுப்பை வாங்கவேண்டாம், முதலில் ஓர் இடுப்புப் பட்டி வாங்கினால் போதும் என்று எழுதும்.

இனி உமது பூட்ஸ். அம்மாவில் பிழையில்லை, தலைக்கும் தோசைக்கும் விளக்குக்கும் பயன்பட்டது தோலுக்கும் பயன்படும் என்று நினைத்திருப்பார். ஆனால் பூசியது சரியில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். உப்புவெளியில் அது வருஷம் முழுக்கத் தண்ணீராக இருக்கிறதால் உமக்குத் தெரியவில்லை. சிக்காகோவில் மே மாத இரவுக் குளிரிலும் ஹோட்டல் ஏசியிலும் தோலுக்குள் இருக்கும் எண்ணெய் வெள்ளையாக வெளியே பூத்து நிற்கும். பார்க்கிறவர்கள் பூஞ்சணம் என்றே நினைப்பார்கள். அதைவிட, கீழே உயிரோடு இருக்கிற நிஜப் பூஞ்சணத்துக்குக் கொழுப்பு நல்ல சாப்பாடு. தோல் தளர்ந்து முனை வடிவம் இழக்கும், அதன்மேல் பொலிஷும் பிடிக்காது.

இப்படிச் செய்யும். நல்ல காய்ந்த துணியால் ஒத்தி எடுத்து, சோளமாவைத் தடிப்பாகத் தூவி ஓர் இரவு வையும். காலையில் வளவில் வைத்துத் தட்டிவிடும். மா எண்ணெய்ப் பசை இல்லாமல் வருமட்டும் இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும். பிறகு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமனாகக் கலந்து, முதலில் பூட்ஸ் நாக்கின் உட்பக்கத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் போகவில்லையென்றால் உள்ளும் புறமும் துடையும். கசங்கிய பத்திரிகைத் தாளை முனைவரை அடைத்து, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள். தாளை ஒவ்வொரு நாளும் மாற்றும். வெயிலில் வைக்காதேயும், உட்பக்கம் காயுமுன் தோல் வெடிக்கும் வெயில் எங்களுடையது. முடி உலர்த்தும் இயந்திரத்தையும் காட்டாதேயும், சூட்டில் கொழுப்பு இறங்கிப் போனதும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். சேணச் சவர்க்காரத்தைக் கனடாவிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடும். கையில் கிடைக்கிறதென்று சலவைச் சவர்க்காரம் போடவேண்டாம், அதன் காரம் தோலுக்கு ஆகாது.

பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்ததால்தான் பூஞ்சணம் வந்தது. கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை, அதோடு கடலுப்பு, இரண்டும் காற்றில் நிற்கும். பழைய தலையணை உறைக்குள் போட்டு, கதவைச் சற்றுத் திறந்து வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெளியே எடுத்துப் பாரும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பூஞ்சணப் பயம் குறையும், வறட்சிப் பயம் கூடும். அந்த மாதங்களில் கொண்டிஷனர் ஒருதரம் போட்டால் நல்லது.

கடைசியாக ஒன்று, குறிப்பில் தடித்த எழுத்தில் போடவேண்டியது. படம் எடுக்க முன் கேட்க வேண்டும், முகப்புத்தகத்தில் போடமுன் திரும்பவும் கேட்க வேண்டும். வில்லையில் எந்தப் பெயரும் எழுதலாம். தன்பால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் எங்கள் இலங்கையில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, சட்டம் இன்னும் மாறவில்லை. திருகோணமலைக்குத் திரும்பி வரவேண்டியவருக்கும் ரொரன்ரோவுக்குத் திரும்புகிறவருக்கும் ஒரு படத்தின் விலை ஒன்றாக இராது. மதுச்சாலைக்குள் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்கச் சொல்லும்.

விட்டுவிட்ட பந்தியை எழுதி அனுப்பும். தலைப்பு ‘சப்பாத்து மினுக்குகிறவர்கள்’ என்று இருக்கட்டும், எல்லா இடத்திலும் ‘அவர்’. அந்த எண்ணெயை இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடும். சிக்காகோவில் கதிரையில் ஏறும்போது, தேங்காயெண்ணெய் பூசியிருந்தேன் என்று அவரிடம் முதலே சொல்லிவிடும். கோபிக்க மாட்டார், அதற்கேற்றபடி தொடங்குவார்.

அன்புடன்,
அண்ணை