நாலாவது கடன் வாங்கித் தூண் வைக்கலாமா?

கேள்வி: பாரம்பரியத் தெருவில், அழகான பழைய வீடுகளுக்கு நடுவே எங்கள் வீடு மட்டும் தீப்பெட்டி மாதிரி நிற்கும். முகப்பை மாற்ற வீட்டுக் கடன் வாங்கினோம். வேலையைக் கவனிக்கும் மைத்துனர் பேச்சைக் கேட்டு டிசைன் மூன்று தடவை மாறியது; ஒவ்வொரு தடவையும் ஒரு தனிநபர் கடன். இப்போது அலங்காரத் தூண்கள் வேண்டும் என்கிறார். நாலாவதாக வாங்கலாமா? அல்லது வீட்டின் மேல் பெரிதாகக் கடன் வாங்கி, மீதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, அந்த லாபத்தில் தவணை கட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வட்டி, தவணை எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கடிப்பது வீட்டுக் கடன் இல்லை, பாதி வேலையில் மனசு மாறுவதும் அதற்கு உடனே ஒரு சின்னக் கடன் வாங்குவதும்தான்.

முகப்பு வேலைக்குப் போட்ட முதல் செலவு மதிப்பீட்டை 100 என்று வைத்துப் பார்த்தேன். வீட்டுக் கடன் 80, 9% வட்டி, 15 வருடம்: தவணை மாதம் சுமார் 0.8. தனிநபர் கடன் மூன்றும் சேர்த்து 40, 16%, மூன்று வருடம்: மாதம் 1.4. பாதித் தொகைதான், தவணையோ ஒன்றே முக்கால் மடங்கு! அந்த 40-லும் ஒரு பங்கு, பூசிய சுவரை இடித்துத் திரும்பப் பூசியதற்குப் போயிருக்கும்.

வங்கியிடம் கேட்டு அந்த 40-ஐ வீட்டுக் கடனோடு 9 சதவீதத்தில் சேர்க்க முடிந்தால் சேருங்கள், ஆனால் ஐந்து வருடத்தில் முடியும்படி. தவணை 1.4-லிருந்து 0.83-க்கு இறங்கும், மொத்த வட்டி ஏறக்குறைய 10. தவணை இன்னும் குறையட்டும் என்று 15 வருடத்துக்கு இழுத்தால் வட்டி மட்டும் 33 ஆகும், அதைச் செய்யாதீர்கள்.

ஃபண்ட் யோசனை யார் கொடுத்தார்களோ, சந்தை இறங்கும் மாதங்களில் உங்கள் தவணையை அவர்கள் கட்டுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தவணைக்குத் தேதி உண்டு, லாபத்துக்குக் கிடையாது.

அப்புறம் அந்தத் தூண்கள். 1964-ல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம் என்ற சர்வதேசப் பாதுகாப்பு வழிகாட்டி, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது ஊகம் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரிய வேண்டும் என்கிறது. அது நினைவுச் சின்னங்களுக்குச் சொன்னது, சரி, ஆனாலும் நேற்றுக் கட்டிய வீட்டுக்கு நூறு வருடப் பழைய வேஷம் போட்டால் பக்கத்து வீட்டு அசல் தூண்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு உறுத்தியது வேறு: இருபக்க வீடுகளின் ஜன்னல்கள் நெட்டாக நிற்கின்றன, உங்களுடையது படுத்துக் கிடக்கிறது, போதாததற்கு வெளியே தொங்கும் வயர்களும் ஏசி பெட்டியும் தகரச் சாய்ப்பும். வயர், பெட்டி, சாய்ப்பு மூன்றையும் அகற்றி, தெருவோடு ஒத்துப்போகும் நிறம் அடித்துப் பாருங்கள், தூணுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். ஜன்னலைப் பிறகு, கையில் சேர்ந்த காசில் மாற்றலாம்.

இன்னொன்று. அனுமதி வாங்கிய வரைபடத்தில் தூண் இருக்கிறதா? பாரம்பரியப் பகுதிகளில் முகப்பைத் தொட்டாலே பெரும்பாலும் தனி அனுமதி கேட்பார்கள்; மீறினால் இடிக்கும் செலவும் உங்கள் தலையில். மைத்துனரிடம் மறுக்கச் சங்கடமாக இருந்தால், திருத்திய வரைபடத்துக்கு அனுமதியும் தூணுக்கான பணமும் அவரே கொண்டுவரட்டும் என்று சொல்லுங்கள்.