ஆக்டிவ் பிக்கப் போடும் முன்: கேள்விகளும் பதில்களும்

எலெக்ட்ரிக் கிதாருக்குப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றுவதும் வயரிங் செய்வதும்தான் என் வேலை. ஆக்டிவ் பிக்கப், அதாவது பேட்டரியில் ஓடும் பிக்கப் பற்றி வந்த கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஆக்டிவ் என்றால் சத்தம் கூடுதல், அவ்வளவுதானே?

பதில்: சத்தத்துக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஆக்டிவுக்கு ஈடு கொடுத்துக் கத்தும் பாசிவ் (பேட்டரி தேவைப்படாத சாதாரண) பிக்கப்புகள் நிறைய இருக்கின்றன. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாசிவ் பிக்கப்பில் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றித்தான் போதுமான சிக்னலை எடுக்கிறார்கள். சுற்று ஏற ஏற அதன் இம்பீடன்ஸும் (சிக்னலுக்குக் காட்டும் மின் தடை) ஏறும். அப்புறம் நீளமான கேபிளைச் செருகினால், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஓசையைத் தின்றுவிடும். ஆக்டிவில் சுற்று குறைவு. வரும் சின்ன சிக்னலை பிக்கப்புக்குள்ளேயே இருக்கும் ப்ரீஆம்ப் பெரிதாக்கி, குறைந்த இம்பீடன்ஸில் வெளியே தள்ளுகிறது. ஈஎம்ஜி நிறுவனத்தின் 81 என்ற ஆக்டிவ் பிக்கப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 கிலோ ஓம். அதனால் கேபிள் நீளமானாலும் ட்ரெபிள் மங்காது, இரைச்சலும் குறைவு. இந்தச் சுத்தம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. உங்கள் ஆம்ப்பும் பெடல்களும் அந்தச் சுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே காதைக் குத்தும் ஆம்ப் என்றால் இன்னும் குத்தும்.

கேள்வி: பிரிட்ஜில் (தந்தி கட்டும் முனையில்) ஈஎம்ஜி 81, நெக்கில் (கழுத்துப் பக்கம்) ஈஎம்ஜி 85 என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதையே போடட்டுமா?

பதில்: கெட்டுப்போகாத ஜோடி அது. ஆனால் எல்லோரும் போடுகிறார்கள் என்பது ஒரு காரணம் ஆகாது.

81-இல் இருப்பது செராமிக் காந்தம். மேல் மிட் (நடுத்தர ஓசையின் மேல் பகுதி) தூக்கலாக இருக்கும், தாழ்ந்த தந்திகளில் பாம்-மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி மீட்டுவது) இறுக்கமாக விழும். 85-இல் ஆல்நிகோ 5. அதன் ஓசை உருண்டையாகவும் கொஞ்சம் தடிமனாகவும் இருக்கும். அதிக கெயினில் (ஓசை கரகரக்கும் அளவு பெருக்கத்தில்) ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு) வாசிப்பவருக்கு 81 பிரிட்ஜில் கச்சிதம். குறைந்த கெயினில் அதே பிக்கப் சிலருக்கு வறண்டு தெரியும்.

நான் பலருக்கும் சொல்வது இரண்டு மாற்று வழிகள். ஒன்று, 85-ஐ பிரிட்ஜில் போடுவது. மெல்லிய உடல் கொண்ட, ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் கிதாருக்கு இது நல்ல மருந்து. பிரிட்ஜ் பக்கம் தந்தியின் அசைவு குறைவு, ஓசை இயல்பாகவே மெலியும். 85 அந்தக் குறையை நிரப்பிவிடும். இன்னொன்று, நெக்கில் 60. இதுவும் செராமிக்தான், ஆனால் அமைப்பு வேறு. கிளீனில் (கரகரப்பில்லாத ஓசையில்) கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து) வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பல காலம் வைத்திருந்தது பிரிட்ஜில் 81, நெக்கில் 60. நெக்கில் சோலோ மட்டுமே என்றால் 85. கிளீன் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) நிறைய உண்டு என்றால் யோசிக்காமல் 60.

கேள்வி: மெட்டல் வாசிக்காதவனுக்கு இது எதற்கு சார்?

பதில்: பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் தன் சிவப்பு ஸ்ட்ராட் கிதாரில் பல ஆண்டுகள் வைத்திருந்தது ஈஎம்ஜி எஸ்ஏ என்ற ஆக்டிவ் சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுற்று வகை) பிக்கப்புகள். சிங்கிள் காயிலின் 'ஹம்' (உறுமல்) தொல்லை இல்லாமல் கிளீன் வாசிக்க நினைப்பவருக்கு அது நல்ல வழி. ஒரே கிதாரில் இரண்டு குணம் வேண்டுமென்றால் ஃபிஷ்மன் ஃபிளூயன்ஸ் பாருங்கள். அதில் வழக்கமான கம்பிச்சுற்றே கிடையாது. அச்சிட்ட சர்க்யூட் அடுக்குகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்விட்சைத் தட்டினால் வேறு குரலுக்கு மாறும். பேட்டரி மட்டும் ஈஎம்ஜியைவிடச் சீக்கிரம் தீரும்.

கேள்வி: நெக்கில் இருக்கும் பாசிவ் பிக்கப் எனக்கு உயிர். பிரிட்ஜில் மட்டும் ஆக்டிவ் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இதில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாசிவ் ஹம்பக்கருக்கு (இரட்டைக் கம்பிச்சுற்று வகை) வழக்கமாக 500 கிலோ ஓம் பாட் (நாபுக்குக் கீழே இருக்கும் மாறும் ரெசிஸ்டர்), சிங்கிள் காயிலுக்கு 250. ஆக்டிவுக்கு 25. இரண்டு பிக்கப்புக்கும் பொதுவாக ஒரே வால்யூம் நாப் வைத்து அதில் 25 போட்டால், பாசிவ் பிக்கப் போர்வை போர்த்தியது போல மங்கிவிடும். 500 போட்டால் பாசிவ் நன்றாக இருக்கும். ஆனால் ஆக்டிவுக்கு அந்த நாப் ஏறக்குறைய ஆன்-ஆஃப் ஸ்விட்ச்தான். படிப்படியாகக் குறைக்க வராது.

ஆளுக்கொரு வால்யூம் வைத்து, ஆக்டிவுக்கு 25, பாசிவுக்கு 500 என்று பிரிக்கலாம். தனித்தனியாக வாசிக்கும்போது இரண்டும் சரியாக இருக்கும். பிக்கப் ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால்தான் பிரச்சினை. குறைந்த இம்பீடன்ஸ் உள்ள ஆக்டிவ் பக்கம் பாசிவை அமுக்கிவிடும், பாசிவ் காதில் விழுவதே கஷ்டம். நடு நிலையைத் தொடாதவர் என்றால் இது போதும்.

தொடுவீர்கள் என்றால் ஒழுங்கான வழி ஒன்றுதான்: பாசிவ் பிக்கப்புக்கும் ஒரு சின்ன பஃபர் ப்ரீஆம்ப். அதே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். பாசிவின் சிக்னல் முதலில் அதற்குள் போய், குறைந்த இம்பீடன்ஸில் வெளியே வரும். அப்புறம் எல்லா நாபுக்கும் 25 கிலோ ஓம் போட்டுவிடலாம். கில்மோர் வைத்திருந்தது போன்ற முழு ஆக்டிவ் கிதாரில் இந்தத் தலைவலியே இல்லை.

டோன் நாபையும் மறக்காதீர்கள். பாசிவில் இருந்த 0.022 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை அப்படியே விட்டால், டோனைத் திருப்பியும் பெரிதாக இருளாது. ஆக்டிவுக்கு 0.1 போட வேண்டும்.

கேள்வி: வாசித்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஒரே ஒரு ஈஎம்ஜி 81 என்றால் ஒரு பேட்டரி ஏறக்குறைய 3,000 மணி நேரம் வரும். இரண்டு பிக்கப் என்றால் அதில் பாதி. தினம் 2 மணி நேரம் வாசித்தாலும் 2 வருடம் ஓடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் பயமே வேண்டாம்.

ஒரே நிபந்தனை, வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். இதில் ஸ்விட்சே கேபிள் செருகும் ஜாக்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். அதன் நடு முனையில் பேட்டரியின் கறுப்பு வயர் சால்டர் செய்யப்பட்டிருக்கும். சாதாரண மோனோ கேபிளைச் செருகியதும் அதன் உலோக உடல் அந்த நடு முனையையும் எர்த்தையும் சேர்த்துத் தொடும், உடனே மின்சாரம் ஓடத் தொடங்கும். இரவெல்லாம் செருகியே வைத்தால் இரவெல்லாம் ஓடும். வெகுநாள் வாசிக்காமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் வயரெல்லாம் பச்சைப் பிடித்துவிடும்.

கேள்வி: கேபிளில் நன்றாக ஒலிக்கிறது. வயர்லெஸ் செருகினால் ஓசையே இல்லை, அல்லது 'கீ' என்ற இரைச்சல். பிக்கப் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. மேலே சொன்ன ஜாக் விஷயம்தான். சில சின்ன வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்களின் பிளக் ஸ்டீரியோவாக இருக்கும். நடு வளையம் எர்த்தைத் தொடாது, பேட்டரி இணைப்பும் முழுமையாகாது. ஆக்டிவ் கிதாருக்கு ஏற்றது என்று தெளிவாகச் சொல்லும் டிரான்ஸ்மிட்டரை வாங்குங்கள். அதுவரை நடுவில் ஒரு குட்டி மோனோ கேபிள் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும்.

கேள்வி: இரண்டு பேட்டரி, 18 வோல்ட்? செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஈஎம்ஜி 27 வோல்ட் வரை தாங்கும். மற்ற பிராண்டுகளுக்கு அவர்கள் தாளில் உள்ள எல்லையைப் பாருங்கள். சத்தம் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலமாக மீட்டும்போது ப்ரீஆம்ப் நெரிபடாமல் இருக்கும், அதனால் கிளீனில் தாக்கம் திறந்து கேட்கும். எப்போதும் அதிக கெயினில் வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தொடராக இணைப்பதால் பேட்டரி ஆயுளும் இரட்டிப்பாகாது. கண்ட்ரோல் குழியில் இரண்டாவது பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். மூடியைத் திணித்து மூடினால் வயர் நசுங்கும்.

கேள்வி: பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரை வெட்டச் சொல்கிறார்களே?

பதில்: ஈஎம்ஜி அப்படித்தான் சொல்கிறது. பிக்கப்புக்குள்ளேயே ஷீல்டு இருப்பதால் தந்திக்கு எர்த் தேவையில்லை. கோளாறான மைக்கும் கிதாரும் சேர்ந்து ஷாக் அடிக்கும் ஆபத்தும் அதனால் குறையும். பாசிவ் கலந்த கிதாரில் மட்டும் அந்த வயர் இருக்கட்டும்.

கேள்வி: தந்திக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கலாம்?

பதில்: பாசிவைவிடப் பக்கத்திலேயே வைக்கலாம், காந்தம் தந்தியை இழுப்பது குறைவு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, பிரிட்ஜ் பக்கம் 2 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பலமாக அடிக்கும்போது கிளீன் ஓசை உடைந்தால் கொஞ்சம் இறக்குங்கள். நெக் பிக்கப்பை இன்னும் தாழ்த்தி, ஸ்விட்சை மாற்றி மாற்றி இரண்டின் அளவையும் காதால் சமன் செய்யுங்கள்.

கேள்வி: என் பழைய பாணி ஃபஸ் பெடல் (ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல்) ஆக்டிவோடு சேரவே மாட்டேன் என்கிறது.

பதில்: சேராது. அந்தப் பெடலின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பாசிவ் பிக்கப்பின் காயில் எதிரில் இருப்பதை நம்பித்தான் அந்த சர்க்யூட் வேலை செய்கிறது. வால்யூமைக் குறைத்தால் ஓசை தெளிந்து வரும் அந்த அழகும் அதனால்தான். ஆக்டிவிலிருந்து வருவது ஏற்கெனவே பஃபர் ஆன சிக்னல், கரகரவென்று கூர்மையாகிவிடும். பெடலின் உள்ளீட்டில் தொடராக ஒரு மாறும் ரெசிஸ்டர் வைத்துத் திருகிப் பார்த்தால் ஓரளவு அடங்கும். ஃபஸ்தான் உங்கள் குரல் என்றால், அதற்கென்று ஒரு கிதாரைப் பாசிவாகவே விட்டுவிடுங்கள்.